சாறன் துண்டில் ஒரு ‘பிப்’: மெஷின் வாங்குவதற்கு முன் ஊசியால் தொடங்குவோம்

மருதமுனையில் சாறன் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் அடுப்படியில் கைபிடித் துணியாகவோ, சைக்கிள் துடைக்கும் துணியாகவோ முடிந்துவிடுகின்றன. 8 அங்குல அகலமும் 12 அங்குல நீளமும் கொண்ட ஒரு துண்டு இருந்தால் போதும், ஒரு கைக்குழந்தைக்குக் கழுத்துத் துணி தைத்துவிடலாம். கடைகளில் ‘பிப்’ என்று விற்கப்படுவது இதுதான். இதற்குத் தையல் மெஷினும் தேவையில்லை, கடனும் தேவையில்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

கல்முனையிலிருந்து வடக்கே பாண்டிருப்பைத் தாண்டியதும் வரும் மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்திறங்கியது. நாட்டின் கைத்தறித் தொழில் அப்போது வாங்கிய அடியிலிருந்து முழுமையாக எழும்பவே இல்லை. அதன்மேல் யுத்தம் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்களில் வீடுகளோடு மக்களின் தொழிலும் அள்ளுண்டு போனது.

சுனாமிக்குப் பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் கணவனை இழந்த பெண்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கும் வாழ்வாதார உதவி என்ற பெயரில் கிடைத்தவற்றில் ஒன்று தையல் மெஷின். தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இதே கதைதான். நான் போய்வரும் வீடுகளில் சில மெஷின்கள் ஓடுகின்றன. பல மெஷின்கள் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. மெஷின் வந்துவிட்டால் மட்டும் சட்டை தைக்கத் தெரிந்துவிடாது. தெரிந்தாலும், ஒரே ஒழுங்கையில் ஐந்து பேர் மெஷினோடு இருந்தால் ஐந்து பேருக்கும் துணி கொண்டுவர ஆளிருக்காது. நுண்கடன் எடுத்து மெஷின் வாங்கியவர்களுக்கோ, துணி வந்தாலும் வராவிட்டாலும் தவணை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே “ராத்தா, நான் எதைத் தைத்துப் பழகட்டும்?” என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, “முதலில் ஒரு பிப் தையுங்கள் மகள், அதையும் கையால் தையுங்கள்” என்பதுதான். வளைவில் தைப்பது, உள்ளேயிருந்து புரட்டுவது, ஓரம் பிடிப்பது, பொத்தான் வைப்பது ஆகிய நான்கும் இந்தச் சின்னத் துணியிலேயே வந்துவிடும். பிழைத்தாலும் நட்டம் ஒரு துண்டுத் துணிதான்.

துணியைத் தெரிவு செய்தல்

குழந்தைக்கு ஏறக்குறைய மூன்று மாதமாகும்போது வாயிலிருந்து வீணீர் வடியத் தொடங்கும். ஆறு மாதம் முடிந்து மேலதிக உணவு கொடுக்கத் தொடங்கினால் சோறும் பருப்பும் கழுத்துக்கு இறங்கும். எங்கள் கரையோர வெக்கையில் கழுத்து மடிப்பு ஈரமாகவே கிடந்தால் தோல் உரசிச் சிவந்துவிடும். எனவே பிப்புக்கு நீரை உறிஞ்சும் துணிதான் வேண்டும், அதாவது பருத்தி. பிளாஸ்டிக் வைத்த பிப் சட்டையை நனையாமல் காக்கும். ஆனால் வியர்வையை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது சாறன்களிலும் பொலியெஸ்டர் கலந்து வருகிறது. சந்தேகமென்றால் துணியிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகிவிடும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணிபோல இறுகிவிடும்.

புதுத் துணியென்றால் வெட்டுவதற்கு முன்னர் கட்டாயம் கழுவ வேண்டும். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி போகாதவரை துணி நீரை நன்றாக உறிஞ்சாது. கழுவும்போது துணி சுருங்கவும் செய்யும். கடும் நிறத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். சாயம் விடாத வெளிர் நிறமே குழந்தைக்கு நல்லது. முன்பக்கத்துக்குச் சாறன் துண்டும், பின்பக்கத்துக்குப் பழைய துவாயில் தேயாத பகுதியும் பொருத்தமானவை.

வெட்டும் விதம்

ஒரு பத்திரிகைத் தாளில் 8 அங்குல அகலம், 12 அங்குல நீளம் அளந்து வெட்டுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அகலம் 4 அங்குலமாகும். மேல் விளிம்பிலிருந்து 2 அங்குலம் இறங்கி, மடிப்பின்மேல் பாதி வட்டம் வரையுங்கள். முழு வட்டத்தின் குறுக்களவு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். வாய் அகன்ற தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வரையலாம், அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கோப்பையை வைத்து வெளி மூலைகளையும் வளைத்து வெட்டுங்கள். தாளை விரித்து, மேல் விளிம்பின் நடுவிலிருந்து வட்டம்வரை நேராக ஒரு வெட்டு விடுங்கள். இப்போது கழுத்தைச் சுற்றிவரும் இரண்டு கைகள் தெரியும். இந்தத் தாளை வைத்துச் சாறனில் ஒரு துண்டும் துவாயில் ஒரு துண்டும் வெட்டுங்கள்.

தைக்கும் விதம்

இரண்டு துணியின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க அடுக்கிக் குண்டூசி குத்துங்கள். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிவரத் தையுங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் 3 அங்குலம் தைக்காமல் விடுங்கள். கையால் தைப்பவர்கள் ஊசியை ஒரு படி பின்னுக்குக் குத்தி இரண்டு படி முன்னுக்கு எடுக்கும் பின்தையல் போட வேண்டும். வெறும் நூலோட்டம் நாலு கழுவலில் விட்டுவிடும்.

அடுத்ததாக வளைவுகளில், முக்கியமாகக் கழுத்து வட்டத்தில், தையலைத் தொடாமல் கத்தரிக்கோல் நுனியால் சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் புரட்டிய பிறகு கழுத்து சுருங்கி நிற்கும். விட்ட இடைவெளியால் துணியை வெளியே புரட்டி, பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் கைகளின் நுனிகளைத் தள்ளுங்கள். இடைவெளியின் விளிம்பை உள்ளே மடித்து, ஓரத்தில் சுற்றிவர இன்னொரு தையல் போட்டால் அதுவும் மூடிவிடும். குண்டூசிகளை எண்ணிக் குத்தி எண்ணி எடுங்கள். ஒன்றுகூடத் துணிக்குள் தங்கிவிடக் கூடாது.

கழுத்தில் கவனம்

இந்த வேலையில் அழகைவிடப் பெரிய விடயம் இதுதான். நாடா வைத்து முடிச்சுப் போடும் பிப் வேண்டாம். தொட்டிலிலோ கதிரையிலோ நாடா கொழுவி இழுபட்டால் முடிச்சு அவிழாது, குழந்தையின் கழுத்துத்தான் இறுகும். ஐரோப்பியத் தரநிலை 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடுப்புகளில் கழுத்துப் பகுதியில் நாடா வைப்பதையே அனுமதிப்பதில்லை. அதுவும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

பிரஸ் பட்டன் அல்லது வெல்குரோ வையுங்கள். இழுபட்டால் இரண்டும் தானாகக் கழன்றுவிடும். பட்டனின் ஒவ்வொரு துளையிலும் நான்கைந்து தடவை நூல் போட்டுக் கட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று விழுந்தால் அது குழந்தையின் வாய்க்குத்தான் போகும். வெல்குரோ என்றால் சொரசொரப்பான பாதி தோலைப் பார்க்காமல் வெளியே பார்த்து இருக்க வேண்டும். பூட்டிய பின் கழுத்துக்கும் துணிக்கும் இடையில் உங்கள் இரண்டு விரல்கள் இலேசாக நுழைய வேண்டும். மணி, ஜிகினா எதுவும் தைக்காதீர்கள். நித்திரையாக்கும் முன்னர் பிப்பைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

விற்பதென்றால்

45 அங்குல அகலமுள்ள ஒரு மீற்றர் துணியில் இந்த அளவில் 15 துண்டுகள் வெட்டலாம். துணி, துவாய், நூல், பட்டன் ஆகியவற்றின் விலையோடு உங்கள் நேரத்தின் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான பெண்கள் கடைசியாகச் சொன்னதைக் கணக்கில் எடுப்பதில்லை. துணிக் காசு திரும்பி வந்ததையே இலாபம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மூன்று பிப்களை ஒரு கட்டாக விற்பது நல்லது. ஒன்று கழுத்தில், ஒன்று கொடியில், ஒன்று மடித்து வைக்க. முஸ்லிம் வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் ஏழாம் நாளுக்கும், தமிழ் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கும் பரிசு தேடுவார்கள். மருதமுனைச் சாறனில் தைத்த பிப் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் விலைப்படும். பருத்தி எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

முதல் பத்துக் கட்டுகளைக் கையால் தைத்து விற்றுப் பாருங்கள். வாங்கியவர்கள் திரும்பக் கேட்டு வந்தால், கை வேகம் போதாமல் போனால், அப்போது மெஷினைப் பற்றி யோசிக்கலாம். மூலையில் ஏற்கனவே ஒன்று நிற்கிறதென்றால் அன்றைக்கு அதன் போர்வையை எடுத்து, எண்ணெய் விட்டால் போதும்.