பெரிய கறுப்புப் பையா, கறுப்புப் பெரிய பையா?

‘எ பிளாக் பிக் பேக்’ என்று குழந்தை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, ‘எ பிக் பிளாக் பேக்’ என்று திருத்துவார். ஏன் என்று கேட்டால், "காதுக்குச் சரியாக இல்லை" என்பதே பெரும்பாலும் பதில். ஆனால் இதற்கும் ஒரு முறை உண்டு.

பெயர்ச்சொல்லுக்கு முன் பல அடைமொழிகள் வந்தால் ஆங்கிலத்தில் பொதுவாக இந்த வரிசை: எண்ணிக்கை, அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர் அல்லது நாடு, செய்த பொருள், பயன். ‘டூ லவ்லி லார்ஜ் ஓல்ட் ரவுண்ட் பிரவுன் இண்டியன் உட்டன் டைனிங் டேபிள்ஸ்’ என்பதில் ஒன்பதும் உண்டு. எழுதும்போது இரண்டு, மூன்று போதும்.

பெயர்ச்சொல்லை எஞ்சினாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளை விட்டுப் பிரியாத குணம் எஞ்சினை ஒட்டிய பெட்டி. மரம் மேஜையின் உடம்பு. அது அருகில் நிற்கும். அழகு பார்ப்பவர் கண்ணில் இருப்பது; அது தள்ளி நிற்கும்.

‘தி ஹாபிட்’ எழுதிய டோல்கீன், சுமார் ஏழு வயதில் ஒரு டிராகன் கதை எழுதினார். ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று சொல்லக்கூடாது, ‘கிரேட் கிரீன் டிராகன்’ என்றே சொல்லவேண்டும் என்றார் தாயார். ஏன் என்று இன்னமும் வியப்பதாக 1955-இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்!

விதிவிலக்கும் உண்டு. அபிப்பிராயம் முதலில் என்றால் ‘பேட் பிக் வுல்ஃப்’ என்றுதானே வரவேண்டும்? ஆனால் ‘பிக் பேட் வுல்ஃப்’ என்கிறார்கள். ‘டிக் டாக்’, ‘ஜிக் ஜாக்’ போல ‘இ’ ஓசை முந்திக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

‘கைண்ட், ஆனஸ்ட் மேன்’ போல இரண்டும் ஒரே இனமானால் இடம் மாறலாம். நடுவே ‘அண்ட்’ போட்டுப் பாருங்கள்; பொருந்தினால் அங்கே கமா வரும். ‘பிக் பிளாக் பேக்’கில் பொருந்தாது, கமாவும் வேண்டாம்.

இனி நம் மொழிக்கு வருவோம். ‘அழகான பெரிய பழைய தேக்கு மேஜை’ என்கிறோம். ‘தேக்குப் பழைய பெரிய அழகான மேஜை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘காஞ்சிபுரம் பட்டுப்புடவை’யிலும் ஊர் முன்னே, பொருள் பின்னே. ஆங்கில வரிசையும் ஏறக்குறைய இதுவே.

ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குழந்தையைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி விடை அதன் நாக்கிலேயே இருக்கும்.