பூச்சிய வாக்கும் 490 கோடி டொலரும்

எஸ். ஆர். நாதன் சிங்கப்பூரின் ஜனாதிபதியாக இருந்தது 12 ஆண்டு: 1999 செப்டெம்பர் 1 முதல் 2011 ஓகஸ்ட் 31 வரை, இரண்டு தவணை. அவருக்கு விழுந்த வாக்கு 0. 1999 இல் விண்ணப்பித்த மற்ற இருவருக்கும் 2005 இல் மற்ற மூவருக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. போட்டியில்லாததால் வாக்குப்பெட்டிக்கும் வேலையில்லை.

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டி ஆட்களுக்கு இது வேடிக்கையான கணக்கு. மு. சிவசிதம்பரத்தை 1960 இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி, பிரதிச் சபாநாயகராக இருந்த பிறகும் 1970 இல் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

சிங்கப்பூரில் வாசலிலேயே சல்லடை. அமைச்சர், பிரதம நீதியரசர், அமைச்சின் நிரந்தரச் செயலாளர் போன்ற பதவியொன்றில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும். தனியார் துறையென்றால் அன்று 10 கோடி டொலர் செலுத்திய மூலதனமுள்ள கம்பனியின் தலைவராக. வெளிவிவகார அமைச்சில் நாதன் நிரந்தரச் செயலாளராக இருந்தது 1979 பெப்ரவரி முதல் 1982 பெப்ரவரி வரை. அளந்து வெட்டினதுபோல 3.

16 வயதில் வீட்டைவிட்டு ஓடிய பையன் அவர். 1955 இல் ஆஸ்பத்திரிச் சமூகசேவையாளராக அரச உத்தியோகத்துக்கு வந்தார். வெளிநாட்டில் தூதுவராக இருந்தது ஏறக்குறைய 8 ஆண்டுதான்: மலேசியாவில் 2, வோஷிங்டனில் 6. அவர் வோஷிங்டனில் இருந்தபோது, 1994 இல், அமெரிக்கப் பையன் ஒருவனுக்குக் கார்களுக்கு வர்ணமடித்த குற்றத்துக்காக 4 மாதச் சிறை, 3,500 டொலர் அபராதம், 6 பிரம்படி என்று சிங்கப்பூர் தீர்த்தது. கிளின்டன் கேட்டுக்கொண்டபின் 6 அடி 4 ஆனது. அந்த நாலையும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நியாயப்படுத்துவது தூதுவரின் பாடு.

அதைவிடப் பெரிய பாடு 20 ஆண்டுக்கு முன்பே பட்டிருந்தார். 1974 ஜனவரி 31 அன்று 4 ஆயுததாரிகள் புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையில் குண்டுவைத்து, ‘லாஜூ’ படகைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு பெப்ரவரி 8 வரை இழுபட்டது. முடிவில் நாதன் தலைமையில் 13 அதிகாரிகள் தங்களையே பிணையாகக் கொடுத்து அவர்களோடு குவைத்துக்கு விமானமேறினார்கள். பாதுகாப்பாகத் திரும்பியும் வந்தார்கள்.

சிங்கப்பூர் ஜனாதிபதிக்கு நிறைவேற்று அதிகாரம் கொஞ்சம்தான். ஆனால் நாட்டின் சேமிப்புப் பெட்டிக்கு இரண்டாவது திறப்பு அவர் கையில். 2008 ஒக்டோபரில் வங்கி வைப்புகளுக்கு 15,000 கோடி டொலர் உத்தரவாதம் தர ஒப்பமிட்டார். 2009 ஜனவரியில்தான் பெட்டி முதன்முதலாகத் திறந்தது: 2,050 கோடி டொலர் மீட்புத் திட்டத்தில் 490 கோடி சேமிப்பிலிருந்து. அப்போது நிதி அமைச்சர் யாழ்ப்பாணத்து வேருள்ள தர்மன் சண்முகரத்தினம், இன்றைய ஜனாதிபதி.

காசு போன வழியைப் பாருங்கள். ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 டொலருக்கு 12 வீதம், அதாவது ஆளுக்கு ஆகக்கூடியது 300 டொலர், முதலாளிக்குக் கொடுத்தார்கள். ஆளைப் பணியிலிருந்து நிறுத்தாமல் வைத்திருக்க. நிவாரண அட்டைக்குப் பழகிய நமக்கு முதலாளிக்குப் படியளப்பது உறுத்தும். எனக்கு உறுத்தியது.

அனுமதி 490 கோடிக்கு. எடுத்தது 400 கோடி. 2011 பெப்ரவரியில் அந்த 400 கோடியையும் அரசாங்கம் பெட்டியில் திருப்பி வைத்தது. சட்டப்படி திருப்பவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. நாதனின் தவணை முடிய அப்போது இன்னும் 6 மாதம் இருந்தது.