மழை எழுப்பும் மலைப்பூக்கள்

பொன்முடி, திருவனந்தபுரம் மாவட்டம்
உயரம்: சுமார் 1,100 மீட்டர்

கோடையில் இந்தப் பாறைச் சரிவு காய்ந்து வெறுமையாகக் கிடக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின், நீர் கசியும் இடங்களில் காட்டுக் காசித்தும்பைகள் தழைத்துப் பூக்கின்றன. வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் மலைச் சொந்தங்கள் இவை.

கோடையைக் கடப்பது எப்படி?
பல இனங்கள் விதையாகக் காத்திருக்கின்றன. பாறையில் ஒட்டி வாழும் சிலவற்றுக்குச் சிறு கிழங்கு உண்டு. இலைகள் மடிந்தாலும் கிழங்கு பிழைத்திருக்கும்.

உற்றுப் பாருங்கள்
பூவின் பின்னால் வால்போல் நீளும் குழாயில் தேன் இருக்கிறது. முதிர்ந்த காய் தொட்டதும் வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். ஈரப் பாறைகளில் வளரும் அழுகண்ணிச் செடியின் இலைகளில் பசைத் துளிகள் மின்னும். இங்குள்ள மண்ணில் தழைச்சத்து குறைவு. பசையில் ஒட்டும் பூச்சிகளைச் செரித்து இச்செடி அந்தக் குறையை ஈடுசெய்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. இதே மலைத்தொடரிலுள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது.

பாறை மேலுள்ள மண் மிக மெல்லியது. பாதையை விட்டு விலகாதீர்கள், பூக்களைப் பறிக்காதீர்கள்.