டிகிரி இல்லாத டாக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “மாமா, பி.ஜி. முடிக்காம பிஎச்.டி. சேர முடியுமா?”

முடியும் என்றேன். 2022-இல் வந்த யுஜிசி விதிப்படி, நான்கு வருட இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் வாங்கியவர் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். “என்னோடது மூணு வருஷ பி.காம். ஆச்சே?” என்றாள். அப்படியானால் அந்த வாசல் உனக்கில்லை என்றேன். முகம் வாடிவிட்டது. “டிகிரியே இல்லாத ஒரு பொண்ணு டாக்டரான கதை தெரியுமா?” என்று கேட்டேன். போலி டாக்டர் செய்தி என்று நினைத்துவிட்டாள். இல்லை, ஜேன் குடால்.

சிம்பன்சிகளோடு காட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக்காரம்மாவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2025 அக்டோபரில் 91 வயதில் காலமானார். கல்லூரிப் பக்கமே போகாமல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியானவர் என்பது அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே வரியில் போய்விடும். எனக்கு அந்த ஒரு வரிதான் கதை.

பள்ளி முடித்தபோது மேலே படிக்கவைக்க வீட்டில் பணமில்லை. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனார். கென்யாவுக்கு வா என்று பள்ளித் தோழி கடிதம் போட, கப்பல் டிக்கெட்டுக்காக ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, 1957-இல் கிளம்பினார். நைரோபியில் லூயி லீக்கி என்ற தொல்மானுடவியலாளரைப் போய்ப் பார்த்தார். அவர் இவரைச் செயலராக வைத்துக்கொண்டார். சிம்பன்சிகளைக் காட்டிலேயே இருந்து நாள்கணக்கில் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று லீக்கிக்கு வெகுநாள் ஆசை. புத்தகக் கருத்துகளை மண்டையில் ஏற்றிக்கொள்ளாத ஆளாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தார். 1960 ஜூலையில் தாங்கனிகா ஏரிக்கரையில் உள்ள கோம்பேவுக்கு அனுப்பினார். தனியாக ஒரு பெண்ணைக் காட்டில் விட முடியாது என்று அதிகாரிகள் முரண்டுபிடித்ததால், துணைக்கு அம்மாவும் போனார்!

முதல் சில மாதங்கள் ஆளைக் கண்டாலே சிம்பன்சிகள் ஓடின. நவம்பரில் ஒருநாள், தாடி நரைத்த ஆண் சிம்பன்சி ஒன்று கறையான் புற்றருகே குந்தியிருந்தது. புல் தண்டு ஒன்றைப் புற்றுத் துளைக்குள் விட்டது. கொஞ்சம் பொறுத்து மெல்ல வெளியே இழுத்தது. தண்டைக் கவ்விக்கொண்டு கறையான்கள் தொங்கின. உதட்டால் உருவித் தின்றுவிட்டு மறுபடி விட்டது. பிறகு குச்சியிலிருந்து இலைகளை உருவி எறிந்துவிட்டு அதைப் பயன்படுத்துவதையும் பார்த்தார். குச்சியை எடுப்பது ஒன்று, குச்சியை வேலைக்கு ஏற்றபடி சீவுவது வேறு. கருவி செய்வது மனிதன் மட்டுமே என்று அறிவியல் உலகம் நம்பியிருந்த காலம் அது.

இதைக் கண்டது டிகிரி இல்லாத ஒரு டைப்பிஸ்ட். சொன்னால் யார் கேட்பார்கள்? லீக்கிக்கு அது புரிந்தது. பி.ஏ. படித்து ஏறி வர நேரமில்லை, நேராக பிஎச்.டி.தான் என்று சொல்லி, தாம் படித்த கேம்பிரிட்ஜிலேயே ஏற்பாடு செய்தார். இளநிலைப் பட்டம் இல்லாதவரைச் சேர்க்க அங்கே வழி இருந்தது. ஆனால் அப்படிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1962-இல் சேர்ந்தார்.

“அப்போ சிபாரிசுதானே மாமா?” என்றாள் இவள். சிபாரிசுதான். ஆனால் வெறும் கையோடு வரவில்லையே! உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத குறிப்பு நோட்டுகள் அவரிடம் இருந்தன. இந்தக் கதையைச் சொல்லி ‘படிப்பே வேண்டாம்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் நோட்டுகளை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே போனபிறகுதான் அடி விழுந்தது. நீ செய்ததெல்லாம் தப்பு என்றார்கள். சிம்பன்சிக்குப் பெயர் வைத்திருக்கக் கூடாது, எண் கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் குணம், மனசு, உணர்ச்சி என்று பேசவே கூடாது. சிறு வயதில் பழகிய ரஸ்டி என்ற நாயே அது அப்படி இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது என்பார் குடால். அவருடைய கட்டுரை ஒன்றில் ‘அவன்’, ‘அவள்’ என்று இருந்ததையெல்லாம் ‘அது’ என்று திருத்தி அனுப்பினார்கள். இவர் அந்தத் திருத்தங்களை அடித்துவிட்டுப் பழையபடியே எழுதினார். (தமிழில் அந்தத் திருத்தம் தேவைப்பட்டிருக்காது. விலங்கென்றால் நமக்கு இலக்கணப்படியே ‘அது’தான்.)

கைடு ராபர்ட் ஹைண்ட். பறவைகள், குரங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர், கறாரான ஆள். ஃபிஃபி என்ற பெண்குட்டி, தம்பிப் பாப்பாவை மற்ற குட்டிகள் நெருங்கினால் சிலிர்த்துக்கொண்டு விரட்டும். ஃபிஃபிக்குப் பொறாமை என்று எழுதிவிட்டார் குடால். பொறாமை என்பதை நிரூபிக்க முடியாதே என்றார் ஹைண்ட். சரி, வேறு எப்படி எழுதுவது? அவர் சொன்ன வழி இது: ஃபிஃபி மனிதக் குழந்தையாக இருந்திருந்தால் நாம் பொறாமை என்று சொல்லும்படி அது நடந்துகொண்டது.

வார்த்தைக்கு வார்த்தை குடைந்தாலும் எவரும் மறுக்க முடியாத வாக்கியம். சொல்ல வந்ததும் போகவில்லை. கண்ணால் கண்டது ஒருபக்கம், அதற்கு நாம் வைக்கும் பெயர் ஒருபக்கம் என்று பிரித்துவைத்துவிட்டது. காட்டில் இருந்த நாட்களில் இதை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. கோம்பேவுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் மாறிமாறி அலைந்து தீசிஸை முடித்தார். ஹைண்டுக்குத் தாம் பட்ட கடனைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டீ ஆறிப்போயிருந்தது. அக்கா மகள் உள்ளே போய் ஒரு நீளநோட்டோடு வந்தாள். எங்கள் தெரு நாய்களைப் பற்றி இரண்டு வருடமாக எழுதிவருகிறாளாம். எது எந்த வண்டிக்கு அடியில் படுக்கிறது, எது எதோடு சேர்கிறது, தேதியோடு. எனக்கே அன்றுதான் தெரியும்.

“செவலைக்குக் கோபம்னு எழுதியிருக்கேன் மாமா. அடிச்சிடவா?”

“அடிக்காத. காது எப்படி இருந்துச்சு, வால் எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல எழுது.”

யோசித்தாள். “வால் பாதிதான் இருக்கு அதுக்கு” என்றாள்.