கல்யாணத்துக்கு முன் முகத்துக்கு லேசரா? 5 மாதம் முன்பே யோசிக்க வேண்டும்

காஞ்சீபுரம்,

முகூர்த்த சேலை எடுக்க ஊர் ஊராக காஞ்சீபுரத்துக்கு வருகிறார்கள். அந்த சேலையை நெய்து கொடுக்கும் செவிலிமேடு பகுதி கல்யாண வீடுகளிலும் இப்போது ஒரு புது யோசனை எட்டிப் பார்க்கிறது. மணப்பெண்ணுக்கு மட்டுமல்ல, போட்டோவில் முகம் நன்றாக விழ வேண்டும் என்று நினைக்கும் பெண்ணின் அம்மாவுக்கும்தான். "முகத்துக்கு லேசர் வச்சுக்கலாமா?" என்பதே அந்த யோசனை.

வெட்டு இல்லை, தையல் இல்லை, ஒரே நாளில் பளபளப்பு என்று விளம்பரம் செய்கிறார்கள். வெட்டும் தையலும் இல்லை என்பது உண்மை. ஒரே நாளில் பளபளப்பு என்பது நடக்காத காரியம். பணத்தை கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

தோலை உரிக்காத லேசர்

முகத்துக்கான லேசரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேல்தோலையே சீவி எடுப்பது. கார்பன்-டை-ஆக்சைடு லேசர் இந்த வகை. இதில் முகம் புண்ணாகி ஆற ஒன்று, இரண்டு வாரம் ஆகும்.

இன்னொன்று 'நான்-அப்லேட்டிவ்' லேசர். மேல்தோலை உரிக்காமல் அடித்தோலை மட்டும் சூடாக்கும். மேலே குளிர்ந்த காற்றோ, ஜெல்லோ வைத்து தோல் வேகாமல் பார்த்துக்கொள்வார்கள். அடித்தோலில் 'கொலாஜன்' என்ற புரத இழைகள் இருக்கின்றன. தறியில் பாவு நூல் தளர்ந்தால் சேலை தொய்வது மாதிரி, வயதாகி இந்த இழை குறைந்தால் தோலில் சுருக்கம் விழும். லேசர் சூடு பட்டதும் உடம்பு புது கொலாஜனை உண்டாக்க ஆரம்பிக்கும்.

இது மெதுவாக நடக்கும் வேலை. முழு பலன் தெரிய 3 முதல் 6 மாதம் வரை ஆகும்.

சிகிச்சை அன்று என்ன நடக்கும்?

முகத்தை கழுவி, மரத்துப்போக கிரீம் தடவி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடுவது கட்டாயம். லேசர் அடிப்பது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது மாதிரி சுளீர் சுளீரென்று இருக்கும்.

பிறகு முகம் சிவந்து, லேசாக வீங்கும். ஒன்றிரண்டு நாளில் அடங்கும். சிறு சிறு புள்ளியாக அடிக்கும் 'பிராக்‌ஷனல்' வகையில் முகம் சில நாள் கறுத்த மாதிரி தெரிந்து, பொடிப்பொடியாக தோல் உதிரும். அதை பிய்க்கக்கூடாது.

ஒரு தடவையோடு முடியாது. பொதுவாக 3 முதல் 6 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி தேவை. அதனால் தை மாதம் கல்யாணம் என்றால் ஆவணியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

எது சரியாகும், எது ஆகாது?

மெல்லிய சுருக்கம், பருவின் பள்ளத் தழும்பு, பெரிதாக தெரியும் துவாரங்கள் ஓரளவு குறையும். தொங்கிப்போன கன்னம், கழுத்து சதை இதில் ஏறாது. 'மங்கு' உள்ளவர்களுக்கு சூடு பட்டு அது அதிகமாகவும் வாய்ப்பு உண்டு.

முக்கியமாக, கறுப்பு நிறம் சிவப்பாகாது. நிறம் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நம்ம தோலுக்கு உஷார்

நம் ஊர் மாநிறத் தோலில் 'மெலனின்' நிறமி அதிகம். லேசரின் அளவு கொஞ்சம் கூடினாலும் அந்த நிறமி சூட்டை வாங்கிக்கொண்டு, பட்ட இடம் கறுத்துவிடும். மறைய பல மாதம் ஆகலாம். அழகுக்கு போய் கரும்புள்ளியோடு திரும்புவது இப்படித்தான். வெள்ளைக்காரருக்கு வைக்கும் அளவை நமக்கு வைக்க முடியாது. 1,064 நானோமீட்டர் 'என்.டி.யாக்' போன்ற நீண்ட அலை லேசர்களை மெலனின் குறைவாகவே இழுக்கும் என்பதால் மாநிறத்துக்கு அவை ஓரளவு பாதுகாப்பானவை.

வெயிலும் எதிரி. சிகிச்சைக்கு சில வாரம் முன்பிருந்தே எஸ்.பி.எப். 30-க்கு குறையாத சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். உச்சி வெயிலில் பாலாற்று பாலத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் முகத்தில் துப்பட்டா கட்டினால் மட்டும் போதாது.

இதை மறைக்காதீர்கள்

கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது. வாயோரம் அக்கி கொப்புளம் வந்தவர்கள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், பருவுக்கு 'ஐசோட்ரெட்டினாயின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி தடவும் 'வெள்ளையாக்கும்' கிரீம்களையும் மறைக்கக்கூடாது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலிய வைத்துவிடும். மெலிந்த தோலில் லேசர் அடித்தால் புண்தான் மிச்சம்.

யாரிடம் போவது?

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்கு போன மருத்துவ மாணவர் ஒருவர் பரிதாபமாக இறந்தார். அந்த இடத்துக்கு சலூன் நடத்த மட்டுமே லைசென்ஸ் இருந்தது பிறகு தெரியவந்தது. அது லேசர் இல்லை என்றாலும் பாடம் ஒன்றுதான். ஏ.சி.யும் வெள்ளை கோட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி ஆகிவிடாது.

எனவே 3 கேள்வி கேளுங்கள். லேசர் அடிக்கப்போவது தோல் டாக்டரா, அவருடைய மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? எந்த லேசர், என்னைப்போல் நிறம் உள்ளவர்களுக்கு செய்திருக்கிறீர்களா? முதலில் காது பக்கம் சின்ன இடத்தில் அடித்து பார்ப்பீர்களா?

பதில் சொல்ல மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவைக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அழகுக்காக செய்வதால் இன்சூரன்சில் பணம் திரும்ப கிடைக்காது. பணத்தை எண்ணி வைக்கும் முன் செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் ஒரு தடவை காட்டி, உங்கள் முகத்துக்கு லேசர் தேவைதானா என்று கேட்டுவிடுங்கள். பல பேருக்கு சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதித்தரும் கிரீமுமே போதும்.