காந்தப்புலத்தைச் சாய்த்தவர்

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் பலரும் கேட்பது, ‘ரேடியேஷன் உடம்புக்கு ஆகுமா?’ என்பதுதான். அதற்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் உள்ள எக்ஸ் கதிர் இதில் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். அதை வைத்துக்கொண்டு மூளைக்குள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் ரேடியோ அலையை மட்டும் வாங்கித் திருப்பிக் கொடுக்கும். புலத்தின் வலு கூடக் கூட அந்த அதிர்வெண்ணும் கூடும். 1.5 டெஸ்லா கருவியில் அது ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். இந்தக் குணம் 1940-களிலேயே தெரியும். மூலக்கூறுகளின் கட்டமைப்பை அறிய வேதியியலாளர்கள் இதைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தாக வேண்டும். துளி பிசகினாலும் கருவி பதியும் சமிக்ஞைக் கோடுகள் மங்கிவிடும். புலத்தைச் சீராக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடு.

பால் லாட்டர்பரும் அப்படிப்பட்ட ஒரு வேதியியலாளர்தான். 1929-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சிட்னி என்ற ஊரில் பிறந்தவர். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். எலியின் புற்றுக்கட்டித் திசு தரும் சமிக்ஞை நல்ல திசுவின் சமிக்ஞையிலிருந்து வேறுபடுகிறது என்று 1971-ல் ரேமண்ட் டமேடியன் காட்டியிருந்தார். அந்தச் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்ததை லாட்டர்பர் பிட்ஸ்பர்க் அருகே நேரில் பார்த்தார். திசுவை அறுத்தெடுத்துத்தான் சோதிக்க வேண்டியிருந்தது. அது அவரை உறுத்தியது. அறுக்காமலே, சமிக்ஞை உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதா?

அன்று மாலை ஓர் உணவகத்தில் சாப்பிடும்போது விடை தட்டுப்பட்டது. உடனே ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்தார். எதைக் குறை என்று எல்லோரும் விரட்டிக்கொண்டிருந்தார்களோ, அதையே அவர் வேண்டுமென்று செய்யத் துணிந்தார்: புலத்தை ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுக்குறைவாகவும் சாய்த்துவிடுவது. அப்படிச் செய்தால் இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். வீணையில் தேர்ந்த காது, சுரத்தைக் கேட்டே விரல் எந்த மெட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடும் அல்லவா? அதேபோல அதிர்வெண்ணைக் கேட்டே, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சாய்வின் திசையை மாற்றி மாற்றி அளந்து, அந்த அளவுகளைக் கணக்கிட்டுச் சேர்த்தால் படம் கிடைக்கும்.

அவர் எடுத்த முதல் படத்தில் இருந்தவை தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், அவ்வளவுதான். ‘நேச்சர்’ இதழ் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் வாதாடினார். 1973 மார்ச்சில் அது வெளியானது. பிறகு, மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த ஒரு சிறு கிளிஞ்சலை உயிரோடு படம் எடுத்தார். காப்புரிமை எடுக்க அவருடைய பல்கலைக்கழகம் முன்வரவில்லை.

2003-ல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், படத்தை விரைவாக எடுக்க வழி கண்ட நாட்டிங்ஹாம் இயற்பியலாளர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. தன்னை விட்டுவிட்டார்கள் என்று டமேடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார். அவர் பொறியைத் தந்தவர், அதை மறுக்கக் கூடாது. ஆனால் சமிக்ஞையைப் படமாக்கிய வழி லாட்டர்பருடையது என்பதே என் எண்ணம். 2007-ல் லாட்டர்பர் காலமானார்.

ஸ்கேன் அறையில் ‘டக் டக்’ என்று இடிக்கும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். அந்தச் சாய்வை உண்டாக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்வதால் வரும் சத்தம் அது. உடம்பில் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தால் மட்டும், அறைக்குள் போவதற்கு முன்பே மறக்காமல் சொல்லிவிடுங்கள்.