சக்கரம் சுழலாத லாரி

வீட்டில் மிதிவண்டி இருக்கிறதா? அதன் சக்கரத்தில் ஓரிடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். கோடு ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். அது சக்கரத்தின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கும். வழுக்காமல் உருளும் எந்தச் சக்கரமும் இவ்விதியை மீறுவதில்லை.

ஆனால் 2024 நவம்பரில் வெளிவந்த ஒரு விளம்பரப் படத்தில் இவ்விதி மீறப்பட்டது. சில காட்சிகளில் லாரிகள் சக்கரம் சுழலாமலேயே பனிச்சாலையில் நழுவிச் சென்றன! கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக அமெரிக்காவின் கோகோ கோலா நிறுவனம் வெளியிட்ட படம் அது. 1995-ல் அந்நிறுவனம் லாரிகளை விளக்குகளால் அலங்கரித்து எடுத்த விளம்பரம், மேல்நாடுகள் சிலவற்றில் பண்டிகைக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதனைச் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு புதிதாக ஆக்கினார்கள். இதை நிறுவனம் மறைக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்களில் பலர் கடும் கோபம் கொண்டனர். ஏன்?

புள்ளி மழையிலிருந்து ஒரு படம்

முதலில் இத்தகைய படம் எப்படி உருவாகிறது என்று காண்போம். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில், நிகழ்ச்சி வராதபோது புள்ளிகள் மழைபோலத் தெரியும் அல்லவா? கணிப்பொறிக்கு ஏராளமான படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் மீதும் இத்தகைய புள்ளிகளைப் படிப்படியாகத் தூவுகிறார்கள். புள்ளிகளை நீக்கி மூலப்படத்தை மீட்பது எப்படி என்பதைக் கணிப்பொறி பழகிக்கொள்கிறது. பயிற்சி முடிந்தபின் வெறும் புள்ளி மழையை மட்டும் கொடுத்து, "பனியில் செல்லும் சிவப்பு லாரி" என்று சொன்னால், அது புள்ளிகளைச் சிறிது சிறிதாக நீக்கி, முன்பு இல்லாத ஒரு லாரியை வரைந்து தருகிறது. ஓடும் படமாயின் அடுத்தடுத்த சட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமாறும் பார்த்துக்கொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லாரி எப்படித் தோன்றும் என்பதைத்தான் அது கற்றது. சக்கரம் ஏன் சுழல வேண்டும் என்பதை யாரும் அதற்கு விதியாக எழுதித் தரவில்லை.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. அதன் சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் எனில், வினாடிக்கு 3 சுற்றுக்குச் சற்று மேல் சுழல வேண்டும். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில், ஒரு சட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சக்கரம் சுமார் 48 பாகை திரும்பியிருக்க வேண்டும். கேமராவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. எதிரே உள்ள லாரியும் சாலையும் அக்கணக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. கணிப்பொறியின் படத்திலோ லாரியும் இல்லை, சாலையும் இல்லை.

"நல்ல திரைப்படங்களிலும் சக்கரம் நின்றதுபோலத் தோன்றுகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சட்டத்திற்குச் சட்டம் சக்கரம் திரும்பும் அளவும், ஆரங்களுக்கு இடையிலுள்ள கோணமும் சமமாகிவிட்டால் அப்படித் தோன்றும். ஆனால் அந்த மாயத்தோற்றமும் விதிக்குக் கட்டுப்பட்டதே. வண்டியின் வேகம் சற்று மாறினால் சக்கரம் நகரத் தொடங்கிவிடும்.

குறை தீர்ந்தால் கோபம் தீருமா?

2025-ல் அதே நிறுவனம் விலங்குகளை வைத்து மீண்டும் ஒரு படம் வெளியிட்டது. இம்முறை சக்கரங்கள் சுழன்றன. 70,000-க்கும் மேற்பட்ட துணுக்குகளை உருவாக்கி, அவற்றிலிருந்து பொறுக்கித் தொகுத்ததாகச் செய்தி வந்தது. விதி அறியாத பொறியின் தவற்றை மனிதர்கள் உட்கார்ந்து களைய வேண்டியிருந்தது! ஆயினும் காட்சிக்குக் காட்சி லாரியின் சக்கர எண்ணிக்கை மாறுவதைச் சிலர் கண்டுபிடித்தனர். எதிர்ப்பும் ஓயவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தில் மெக்டொனால்டு நிறுவனம் இதே முறையில் எடுத்த 45 வினாடிப் பண்டிகை விளம்பரத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

எனவே கோபத்திற்குக் காரணம் சக்கரம் மட்டும் அன்று. ஓவியர், நடிகர், ஒளிப்பதிவாளர், விளக்கமைப்பாளர் ஆகியோரின் பிழைப்பு என்னாகும் என்ற அச்சம் ஒன்று. பணத்திற்குக் குறைவில்லாத பெரிய நிறுவனம், அன்பைப் பேசும் பண்டிகையில் மனித உழைப்பை மிச்சம் பிடிக்கிறதே என்ற மனக்குறை மற்றொன்று. அதே சமயம், 2024-ஆம் ஆண்டுப் படத்தைச் சாதாரணப் பார்வையாளர்களிடம் காட்டிச் சோதித்தபோது நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதையும் மறைக்கலாகாது. பலருடைய கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை, அல்லது அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். இன்று சக்கரத்தையும், நிழலையும், விரல்களையும் உற்றுப் பார்த்துப் பொறியின் கைவரிசையைக் கண்டுபிடிக்கிறோம். பொறி திருந்தத் திருந்த இவ்வடையாளங்கள் குறைந்துகொண்டே போகும். அந்நிறுவனம் தானே சொன்னதால் மக்களால் விவாதிக்க முடிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால்? ஆகவே கண்ணைப் பழக்குங்கள், அதோடு நில்லாமல், "இதை ஆக்கியது யார்?" என்று கேட்கவும் பழகுங்கள். சக்கரத்தின் கணக்கை இயற்கை பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.